என் கையில் நின்ற மனு

கல்லூரிக் கையேடு, விதி பதினெட்டு, மூன்றாம் பிரிவு: காவலில் வைக்கப்பட்ட மாணவர்மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டால், அந்த நாட்களை வருகைக் குறைவாகக் கொள்ளக்கூடாது. சிறை அலுவலகத்தின் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் மாணவர் தம் மனுவை வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுக்க வேண்டும். பிரதிநிதி அதை முதல்வருக்கு அனுப்ப வேண்டும்.

விதி இவ்வளவுதான். வருவாய்த் துறையில் இதைவிடக் கோணலான விதிகளோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தியவன் நான். இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

எங்கள் கல்லூரி தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்தது. வணிக நிர்வாகத்தில் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு. கம்பெனி என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படாத ஜில்லாவில் கம்பெனி நிர்வாகம் சொல்லிக்கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே நாங்கள் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்துக்கொண்டிருப்போம்.

நான் வகுப்புப் பிரதிநிதி. பட்டப்பெயர் ரூல்சு. கையேடு எனக்கு மனப்பாடம் என்று வகுப்பு நம்பியது. நானும் நம்பினேன்.

விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்தவன் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். தாய் தகப்பன் இரண்டு பேரும் வயல் கூலி. வகுப்பில் முதல் மூன்று பேரில் எப்போதும் அவன் ஒருவன். இரண்டாம் வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஆட்சி மாறிச் சில வருடம் ஆகியிருந்த சமயம் அது. நில உச்சவரம்பைக் குறைத்திருந்தார்கள். உபரி நிலங்கள் ஒரே வாரத்தில் மாமனார், மைத்துனர், பிறக்காத பேரன் பெயர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. அறுப்புக் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடுதலாகக் கேட்டவர்களை விலக்கிவிட்டு, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து சம்பா வயலில் இறக்கினார்கள். லாரிகளை மறித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அதில் அவனும் இருந்தான். திருச்சி சிறையில் இருபத்தாறு நாள். மறிக்கப்பட்ட லாரிகளில் ஒன்று என் பெரியப்பா அனுப்பியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதும் வழக்கைக் கைவிட்டார்கள். விடுதலையான பத்தொன்பதாம் நாள்தான் சிறை அலுவலகத்தின் சான்றிதழ் அவன் கைக்கு வந்தது. மறுநாளே மனு எழுதி, சான்றிதழையும் இணைத்து என் அறைக்கு வந்தான். வாங்கியதும் முதல் வேலையாக மனுவின் மூலையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகுதான் படித்தேன்.

“வெளிய வந்த நாள்லேர்ந்து பதினஞ்சு நாள்தான்டா. அஞ்சு நாள் தாண்டிருச்சு.”

“புத்தகத்தப் பாத்துச் சொல்லு.”

“பாக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.”

“இருந்தாலும் அனுப்பி வையேன். அவங்க சொல்லட்டும்.”

“தள்ளுபடின்னு எழுதிட்டாங்கன்னா அது ரெக்கார்டாயிடும். எழுத்துல கேக்குறதவிட வாயால கேக்குறது நல்லது. நான் பேசுறேன்.”

இரண்டு முறை முதல்வர் அறை வாசல்வரை போனேன். ஒரு முறை அவர் வெளியூர். இன்னொரு முறை உள்ளே யாரோ இருந்தார்கள். அதற்குள் தேர்வு வந்துவிட்டது. வருகை குறைந்தவர்களையும் அப்போது தேர்வு எழுத விடுவார்கள். விலக்கு உத்தரவு வராவிட்டால் முடிவை மட்டும் நிறுத்திவைப்பார்கள். அவன் எழுதினான். பட்டியல் ஒட்டியபோது அவன் எண்ணுக்கு நேரே ‘நிறுத்திவைப்பு’ என்று இருந்தது. என்னைப் பார்த்தான். “நடக்கலடா” என்றேன். யார் நடத்தவில்லை என்று அவன் கேட்கவில்லை. கல்லூரி மறுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதினான். பிறகு பாபநாசத்தில் விதை, உரக் கடை வைத்தான். அந்தப் பக்கத்தில் எவன் என்ன நெல் விதைக்கலாம் என்று அவனைக் கேட்டுத்தான் முடிவுசெய்கிறார்கள் என்று கேள்வி. எங்களுக்குள் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை.

நாற்பதாவது வருடம் வகுப்பைக் கல்லூரியிலேயே கூட்டிவிடுவது என்று கிளம்பியவர் எங்களோடு படித்த பாய். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை நடத்துகிறார். அலுவலகம் கொடுத்த தேர்ச்சிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பாய் விடவில்லை. நேரில் போய் அழைத்தார். 

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். ஆனால் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையோடு நின்றுகொண்டான்.

“பேரு நின்னு போன இடத்துக்கு விருந்தாளியா வரமாட்டானாம்,” என்றார் பாய். “முடிவு வந்தா வருவானாம். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். சாப்பாட்டையாவது வெளிய கொண்டுபோய்க் கொடுப்போம்.”

உள்ளே பத்தொன்பது பேர் இருந்தோம். ஒவ்வொருவராக எழுந்து, எந்தப் பதவியில் ஓய்வு பெற்றோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பதவிகள் தீர்ந்ததும் பழங்கதை ஆரம்பித்தது. விடுதிக் கதவை ராத்திரி எட்டுக்குப் பூட்டுவார்களா எட்டரைக்கா என்று சர்ச்சை.

“ரூல்சு சொல்லட்டும்,” என்றார்கள்.

“எட்டு,” என்றேன்.

பழைய புகைப்படங்களோடு எங்கள் காலத்துக் கையேடு ஒன்றையும் மேஜைமேல் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பாய் அதை எடுத்துப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். “எட்டு முப்பது. நாப்பது வருசமா உன்ன நம்பிக்கிட்டிருக்கோம், ரூல்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அது திருத்திய பதிப்பாக இருக்கும் என்று நிரூபிப்பதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கினேன். பதிப்பு சரியாகத்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பியபோது விதி பதினெட்டு கண்ணில் பட்டது. விடுதலையான நாளிலிருந்து அல்ல, சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து. அவன் என்னிடம் வந்தது இரண்டாம் நாள்.

புத்தகத்தோடு வெளியே போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தைத் திறந்து நீட்டினேன். படித்தான். மறுபடியும் படித்தான்.

“அப்ப எதுக்கு மாட்டேன்னாங்க?”

“அவங்க மாட்டேங்கல. நான் அனுப்பவே இல்ல.”

புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினான்.

“பெரியப்பா சொல்லி நிறுத்துனியா?”

“இல்ல. விதி தெரியும்னு நெனச்சேன்.”

“அது அதவிட மோசம்டா. அவரு சொல்லித்தான்னா ஒரு காரணமாவது இருந்துருக்கும்.” பிறகு கேட்டான்: “மனு?”

“வீட்ல இருக்கு.”

“நாப்பது வருசமாவா?”

“ஃபைல்ல.”

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. “என் கல்யாணப் பத்திரிகைகூட என்கிட்ட இல்ல. நீ என் மனுவ வச்சிருக்க.”

பாயின் காரில் மூன்று பேரும் தஞ்சாவூருக்குப் போனோம். வழியில் பாலங்கள் வந்தன, போயின. என் வீட்டில் அந்த ஃபைலை எடுக்க மூன்று நிமிடம்தான் ஆயிற்று. எதையும் தேட வேண்டியில்லாதபடி அடுக்கி வைப்பவன் நான். தன் இருபது வயதுக் கையெழுத்தை அவன் நின்றபடியே படித்தான். மூலையில் என் கையெழுத்தும் தேதியும் இருந்தன.

அப்போதுதான் எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். விதிப்படி மனுவைப் பெற வேண்டியவர் வகுப்புப் பிரதிநிதி. அவர் உரிய காலத்தில் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஆகவே மனு காலாவதி ஆகவில்லை. அது நிலுவையில் இருக்கிறது, என்னிடம்.

கல்லூரிக்குத் திரும்பியதும் அவன் மறுபடி டீக்கடையிலேயே இறங்கிக்கொண்டான்; நான் உள்ளே போய், மனுவோடு இணைக்க வெள்ளைத் தாளில் ஒரு முகப்புக் கடிதம் எழுதினேன். “மேற்படி மனு உரிய காலத்தில் என்னிடம் தரப்பட்டது. கையேட்டைப் பார்க்காமல், காலம் கடந்துவிட்டதாக நானே முடிவுசெய்து, அதை முதல்வருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். மனுதாரர்மேல் தவறு எதுவும் இல்லை.” வகுப்பின் முன்னால் அதைப் படித்தேன். எட்டா எட்டரையா என்று சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

கூட்டுறவுத் துறையில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் என்னைத் தனியே இழுத்தார். “உன் பேர ஏம்ப்பா இழுக்குற? அலுவலகத்துல தவறிப்போச்சுன்னு பொதுவாப் போடு.”

“அலுவலகத்துல தவறுனதுக்கு அத்தாட்சி இல்ல. நான் வாங்குனதுக்கு இருக்கு. என் பேரு இல்லாட்டி மனு நிக்காது.”

எங்களுக்காக அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்த கண்காணிப்பாளர் அம்மாள் கடிதத்தை நுனி விரலால் பிடித்துக்கொண்டார்.

“இத எந்த செக்‌ஷனுக்கு சார் போடுறது? இது ஆரம்பிச்சப்ப நான் பொறக்கவே இல்லீங்களே.”

“தபால் பிரிவுல வாங்கிக்குங்கம்மா. நம்பர் போட்டுட்டா அதுவா வழி கண்டுபிடிச்சுக்கும்.”

“ஞாயித்துக்கிழமைல நம்பர் போடக்கூடாதுங்க.”

“நாளைக்கு வரேன். நம்பர் நாளைக்குப் போடுங்க. பெத்துக்கிட்டதுக்கு முத்திரை இன்னிக்கே வேணும்.”

முத்திரை வைத்தார். அதன் நகலை டீக்கடைக்கு எடுத்துப்போனேன். அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். ஏறும்போது ஒன்றுதான் சொன்னான். “இந்தத் தடவ வாயால கேக்காத.”

கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் பதிவுத் தபாலில் ஒரு நினைவூட்டு. மூன்றாம் மாதம், பழைய மதிப்பெண் பதிவேடு கரையான் அரித்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் வருடத்துப் பதிவேட்டின் நகல் தேர்வுப் பிரிவில் தனியாகப் பராமரிக்கப்பட வேண்டும் என்ற விதியை மேற்கோள் காட்டினேன். இம்முறை புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணும் கொடுத்தேன். நகல் கிடைத்தது. ஐந்தாம் மாதம், ஆட்சிக் குழு கூட வேண்டும் என்றார்கள். கூடும் தேதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, “உங்களுக்கு என்னதான் சார் வேணும்?” என்றார். “ஆமாம்னோ இல்லன்னோ எழுத்துல ஒரு வரி,” என்றேன். குழு கூடியது, ஒத்திவைத்தது, மறுபடி கூடியது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் பாபநாசத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பதில் எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தான்: “ஆறாவது கடிதத்தில் என் பதிவு எண் தப்பு.” சரிபார்த்தேன். தப்புத்தான். திருத்தி மறுபடி அனுப்பினேன்.

பதில் என் முகவரிக்கு வரவில்லை. மனுதாரர் அவன், ஆகவே அவனுக்குத்தான் வர வேண்டும். அது முறை. கடையிலிருந்து போன் செய்தான். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“வந்துருக்கு.”

“படி.”

படித்தான். வருகைக் குறைவுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. நிறுத்திவைக்கப்பட்ட முடிவு வெளியிடப்படுகிறது. முதல் வகுப்பில் தேர்ச்சி. நிறுத்தினான். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான், இந்த முறை மெதுவாக. மூட்டை இறக்குகிறவர்களிடம் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னான்.

“உறையில தபால் முத்திரை என்ன தேதி?” என்று கேட்டேன்.

“அது நேத்திக்கு. என் கையில கொடுத்தது இப்பத்தான்.”

அன்று பங்குனி நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை.