எந்தக் கட்சிக்காரருக்கு மூளை அதிகம்?

1984ஆம் ஆண்டு மயிலிட்டியில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் நான் சிப்ட் பொறுப்பாளராக இருந்தேன். புதிதாக வந்த மனேஜர் படிக்கிற காலத்திலிருந்தே இடதுசாரி. இயந்திர அறைக்கு ஆள் போடும்போது எந்தக் கட்சி என்றுதான் முதலில் கேட்பார்.

"மூளை உள்ளவன் எங்கடை பக்கம்தான் நிப்பான். மற்றவைக்குத் தொண்டை மட்டும்தான்."

அதனால் இடதுசாரி இராசலிங்கத்துக்கு, அமோனியாவை அழுத்தி ஓடவிடும் கொம்பிரசர் மெசினைப் பார்க்கும் வேலை கிடைத்தது. குருநகர் செபமாலைக்கும் அந்த வேலை நன்றாகத் தெரியும். ஆனால் அவர் தமிழ்க் கட்சிக் கூட்டம் ஒன்றையும் தவறவிடாதவர். மனேஜர் அவரை ஐஸ் கட்டி தூக்க அனுப்பிவிட்டார். தேத்தண்ணி நேரத்தில் இராசலிங்கமும் செபமாலையும் நாள்தோறும் அரசியலில் மோதுவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்று நான் கண்டதில்லை.

ஒரு முற்பகல் இயந்திர அறையில் அமோனியா வாடை எழுந்து கண் எரிந்தது. கரையில் வள்ளங்கள் மீனோடு ஐஸுக்குக் காத்து நின்றன. கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் வழியே கொண்டுபோனோம். அமோனியா கசியும் இடத்தில் அது வெள்ளைப் புகை காட்டும். ஒரு மூட்டில் புகை கிளம்பியது. இராசலிங்கம் அந்த மூட்டின் போல்டில் ஸ்பானரை வைத்தார். பிறகு அதை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, செபமாலையைக் கூப்பிடுங்கோ."

"உவனுக்கு என்ன விளங்கும்?" என்றார் பின்னால் நின்ற மனேஜர்.

"நான் என்ன சொன்னாலும் நீங்கள் ஓம் எண்டுவியள், சேர். உவன் ஒருத்தன்தான் இல்லை எண்டுவான்."

செபமாலை ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன செய்யப் போறாய்?"

"போல்டை இறுக்கப் போறன்."

"உங்கடை கட்சிக்கு எல்லாத்தையும் இறுக்கினாச் சரி. உப்புக் காத்திலை நிண்டு துருவேறின போல்ட் உது. உடைஞ்சா காஸ் உன்ரை முகத்திலைதான் அடிக்கும். மெசினை நிப்பாட்டு."

"உங்கடை ஆக்களுக்கு எதுக்கும் ஹர்த்தால்தான். இப்ப நிப்பாட்டினா குழாயிலை கிடக்கிற காஸ் முழுக்க வெளியிலை வரும். தாங்கியிலையிருந்து அமோனியா வாற வால்வைப் பூட்டினா, மெசினே ஓடி குழாயிலை கிடக்கிறதைத் தாங்கிக்குள்ளை இழுத்துப்போடும். பிறகு நிப்பாட்டுவம்."

"அப்ப ஐஸ்?" என்றார் செபமாலை.

"ஐஸ் உறையிற தொட்டியிலை உப்புத்தண்ணி குளிராத்தான் கிடக்கு. வேலை முடியிறவரைக்கும் தாங்கும்."

செபமாலை சரி என்று சொல்லவில்லை. போய் வால்வைப் பூட்டினார்.

பிரஷர் முள் இறங்கியது. மெசினை நிறுத்திவிட்டு இராசலிங்கம் போல்டை மெல்லத் திருப்பினார். அது முறிந்து கையோடு வந்தது. அவர் அந்தத் துண்டைச் செபமாலையிடம் நீட்டினார். பல ஆண்டுகள் மெசின்களோடு இருந்திருக்கிறேன். ஒரே யோசனை இரண்டு தலைகளுக்குள் புகுந்து முழுதாகி வெளிவந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

புதிய போல்ட் பூட்டி, பின்னேரம் வள்ளங்களுக்கு ஐஸ் கொடுத்தோம். இருவரும் தேத்தண்ணியோடு பழையபடி தொடங்கிவிட்டார்கள்.

"இப்ப சொல்லும், உவையிலை ஆர் கெட்டிக்காரன்?" என்று மனேஜர் என்னைக் கேட்டார்.

"தனித்தனியா எனக்குத் தெரியாது, சேர். ரெண்டு பேரையும் ஒரே சிப்டிலை போடுங்கோ."

அதன் பிறகு ஆள் போடும்போது நானும் கட்சியைக் கேட்டேன். ஒரே மெசினில் ஒரே கட்சிக்காரர் இருவர் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.