மேட்டின் மேல் போட்ட பழி

எங்கள் பக்கத்தில் கால் வலிக்கிறது என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொகவந்தலாவையில் ஏறி இறங்காமல் ஒரு தேங்காய் வாங்க முடியாது. அதனால் தொடை இரண்டும் கல்லாய்க் கனத்தபோது நான் மேட்டைத்தான் திட்டினேன். கொலஸ்ட்ரோலுக்கு இரவில் போடத் தொடங்கிய புது மாத்திரையை நினைக்கவே இல்லை.

டீச்சர் வேலை முடிந்து, கணவரும் இறந்து, மகனும் கொழும்பிலேயே தங்கிவிட்ட பிறகு வீட்டில் நான் மட்டும்தான். கடைத்தெருவுக்குப் போனால் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வீடு வந்து சேர்ந்தேன். பிறகு போவதையே குறைத்துக்கொண்டேன். அதோடு பேச்சும் குறைந்தது. சில நாட்களில் பால்காரரிடம் பேசுவதோடு சரி. வீட்டைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகன் தொலைபேசியில் சொன்னான். காலே போன பிறகு வீம்பு எதற்கு? சரி என்றேன். வைத்துவிட்டு அழுதேன்.

இனிக் கொழும்பில் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் ஹட்டன் கிளினிக்குக்குப் போனேன். நான் கதிரையிலிருந்து எழுந்த விதத்தை அங்கிருந்த இளம் டாக்டரம்மா கவனித்துவிட்டார்.

“எழும்ப இவ்வளவு கஷ்டப்படுறீங்களே டீச்சர், வீட்டுல யாரும் பார்த்துச் சொல்லலையா?”

“நாலு செவரும் பார்த்துச்சு. வாயத் தொறக்கல,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். அது ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைக்குமாம். ஈரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள, இரத்தத்தில் குறையும். நல்ல மருந்துதான், சிலருக்கு மட்டும் தசையைப் பிடித்துவிடும் என்றார். சில வாரங்களில் கனம் இறங்கியது. அடுத்து வேறொன்று தந்தார். அது குடலில் நின்று, கொலஸ்ட்ரோல் உள்ளே சேராமல் மறிப்பது. வலு கொஞ்சம் குறைவு. இதுவும் ஒத்துவராவிட்டால், குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மருந்து உண்டாம். புதுப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்துக் கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவதே போதுமாக இருந்தது.

ஒரு நாள் சாமான் பையோடு எங்கும் உட்காராமல் ஏறி வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் மகனை அழைத்து, கால் சரியாகிவிட்டது, நான் வரவில்லை என்றேன்.

“அப்ப நல்லதாப் போச்சும்மா. நீங்க அங்கயே இருங்க,” என்றான் உடனே.

அவன் வற்புறுத்தினால் என்ன சொல்லி மறுப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் வற்புறுத்தவில்லை.