சிவப்புப் புள்ளி வைத்த மூன்று விசைகள்

வேதியியல் ஆய்வகத்தில் இருந்தபோது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார்கள். "ஏட்டி, பையை எடு. அப்பா வந்திருக்காங்க" என்றார்கள். அப்பா அதுவரை ஒருநாளும் என் பள்ளிக்கு வந்ததில்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நான்கு நாட்களாகக் காய்ச்சலோடு கிடந்த செலின் மைனி இறந்துவிட்டார்கள் என்பதை ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னார். கையிலிருந்த சோதனைக்குழாயை யாரிடம் கொடுத்தேன் என்பது எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை.

மைனி என் அண்ணனின் மனைவி. அண்ணன் கத்தாரில் வேலை செய்கிறார். மைனி முட்டத்தில் எங்களோடு இருந்தார்கள். கல்யாணப் படங்களுக்கு வண்ணம் திருத்துவது அவர்கள் தொழில். ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த படங்கள் எங்கள் முன்னறைக்கு வந்து, மைனி கைபட்ட பிறகுதான் ஆல்பமாக அச்சாகும்.

பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லிச் சிலர் வருவார்கள். "ஆக்கித் தாறேன். ஆனா பொறவு வேற யாரோ வந்து தாலி வாங்கிட்டுப் போன மாதிரி இருக்கும், பரவால்லியா?" என்று மைனி கேட்பார்கள். பரவாயில்லை என்று யாரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் முன்பு அவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள். மணமகன் பெண்ணுக்குப் போர்த்துகிற மந்திரகோடிப் புடவையின் ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய துண்டு. விரலளவு இருந்தால் போதும். அதைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தில் உள்ள புடவையின் நிறம் ஒத்துப்போகும்வரை விடமாட்டார்கள். "நம்ம கண்ணு ரெண்டு நிமிசத்துல எதுக்கும் பழகிரும் மக்கா. துணி பழகாது" என்பார்கள்.

போன வருடம் அண்ணன் ஒரு நண்பர் கையில் புதுத் திரை கொடுத்துவிட்டார். வெளிச்சத்தையும் இருட்டையும் சாதாரணத் திரையைவிட விரிவாகக் காட்டும் எச்.டி.ஆர். திரை. எல்லோரும் கூடி நின்று போட்டுப் பார்த்தோம். படங்கள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. "கஞ்சித்தண்ணி ஊத்தினது மாதிரியில்லா இருக்கு. நல்லா ஏமாத்திப்போட்டானுவ" என்றார் அப்பா. அந்த நேரம் பார்த்து அண்ணன் அழைத்தார். மைனி எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, "சூப்பரா இருக்கு" என்றார்கள். வெயிலில் நின்று உழைத்து வாங்கி அனுப்பியவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லமாட்டோம்.

அந்த வாரம் பூதப்பாண்டிப் பக்கத்து ஆல்பம் ஒன்று வந்தது. ரவிக்கைத் துண்டைத் தையல்காரி குப்பையில் போட்டுவிட்டார். துணி இல்லாமலே மைனி வேலை செய்தார்கள். திரையில் வெளுத்திருந்த படங்களுக்கெல்லாம் நிறத்தை ஏற்றினார்கள். அச்சாகி வந்த ஆல்பத்தில் புடவை மிளகாய்வற்றல்போல் எரிந்தது.

அதை யார் கையிலும் கொடுத்துவிடாமல் மைனியே கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். பெண்ணின் அம்மா நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "ஏன் பிள்ளே, மாப்பிள்ளை குடிச்சிட்டா வந்து நின்னான்? மூஞ்சி இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டார்.

"அவரு குடிக்கல்ல அக்கா. படம் நல்லாத்தான் இருந்துது. நான்தான் கெடுத்தேன். புதுசா அடிச்சுத் தாறேன்" என்றார்கள் மைனி.

திரும்பும்போது பஸ்ஸில் மைனி ஆல்பத்தை மடியில் வைத்து மறுபடி புரட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதே படத்தை நான் ஃபோன்ல பாத்தேன். அதுல வெளுப்பே இல்ல. அப்போ வெளுத்தது படம் இல்ல மக்கா, திரை" என்றார்கள்.

மூன்று நாள் கேபிளை மாற்றினார்கள், அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். காரணம் சின்னதுதான். கணினியில் எச்.டி.ஆர். போட்டிருந்தது. சாதாரணத் திரைக்காக உருவான படங்களை அந்த நிலையில் காட்டும்போது எங்கள் திரையில் நிறம் வற்றிப்போனது. அதை அணைத்ததும் எல்லா நிறமும் திரும்பி வந்தது. எச்.டி.ஆரில் எடுத்த வீடியோ வந்தால் மட்டும் மறுபடி போடவேண்டும். விண்டோஸ், ஆல்ட், பி என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் போடவும் அணைக்கவும் செய்யலாம். மறக்காமலிருக்க மைனி மூன்றிலும் நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தார்கள்.

அன்றே அண்ணனை அழைத்து உண்மையைச் சொன்னார்கள். "பொறவு என்னத்துக்குட்டி சூப்பர்னு சொன்ன?" என்றார் அண்ணன். "திரையையா சொன்னேன்? அனுப்பின ஆளையில்லா சொன்னேன்" என்றார்கள் மைனி. அண்ணன் அங்கே சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

மைனியை அடக்கம் செய்தபோது அவர்களுடைய மந்திரகோடியைப் போர்த்தினார்கள். ஞாவல்பழ நிறம். புடவை மண்ணுக்குள் போய்விட்டது.

முன்னறையில் உடலைக் கிடத்துவதற்காகக் கணினியைக் கழற்றி ஒதுக்கியிருந்தோம். கத்தாரிலிருந்து வந்த அண்ணன் மறுபடி மாட்டினார். மாட்டியதில் எச்.டி.ஆர். தானாகப் போட்டுக்கொண்டதை அவர் அறியவில்லை. ஏழாம் நாள் திருப்பலிக்காக மைனியின் கல்யாணப் படத்தைத் திறந்தார். அது வெளுத்திருந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து அதற்கு நிறம் ஏற்றினார். முடித்து அப்பாவின் ஃபோனுக்கு அனுப்பினார். அதில் மைனியின் கறுத்த முகம் செங்கல்லாகியிருந்தது. புடவை ரோஜாப்பூ நிறத்தில் கண்ணைக் கூசவைத்தது. அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன்.

"யாரும் இந்த சிஸ்டத்தைத் தொடப்பிடாது. அவ வச்சது வச்ச மாதிரி கெடக்கட்டு" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். தூசி துடைக்க நான் மவுஸை நகர்த்தியதற்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதிலிருந்து அவர் அறைக்குள் வந்தால் நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

இன்று சாயங்காலம் எல்லோரும் கோவிலுக்கு ஜெபமாலைக்குப் போனபோது, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு இருந்தேன். மைனியின் மேசை இழுப்பறையில் அவர்களுடைய மந்திரகோடி ரவிக்கையின் துண்டு ஒன்று கிடந்தது. அண்ணன் திருத்தாத பழைய படத்தைத் திறந்தேன். மூன்று புள்ளிகளையும் சேர்த்து அழுத்தினேன். திரை ஒரு நொடி இருண்டு மீண்டது. துண்டைப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டும் ஒரே நிறம்.

பிறகு பயந்து, முன்பு இருந்தபடியே மாற்றிவைத்துவிட்டேன்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். யாரும் எழுதச் சொல்லாத இதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அடுக்களை விளக்கில் எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு அச்சுக்கடை திறந்ததும் அண்ணன் திருத்திய படம் அச்சாகிவிடும். அதற்கு முன் ஒருவராவது அண்ணனிடம் சொல்லவேண்டும். மைனி இருந்திருந்தால் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு தானே போயிருப்பார்கள்.

அண்ணா, இந்த நோட்டை விசைப்பலகையின் மேல் வைக்கிறேன். துண்டு உள்ளே இருக்கிறது. நான் எதையும் கெடுக்கவில்லை. நீங்கள் திருத்திய படத்தை விட்டுவிட்டு, பழைய படத்தைத் திறந்து துணியைப் பக்கத்தில் பிடியுங்கள். சிவப்புப் புள்ளிகளை நீங்களே அழுத்துங்கள். திரை இருண்டால் பயப்பட வேண்டாம். ஒரு நொடிதான். பிறகு மைனி வருவார்கள்.

போய்வாருங்கள், மைனி. நாளை சுவரில் உங்கள் நிறத்திலேயே இருப்பீர்கள்.