மே மாதத்து அப்பா

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று வருடா வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். உத்தரவு வந்த மறுநாள் எங்கள் பள்ளிக்கூடத்தில், "திங்கட்கிழமையிலிருந்து எல்லாரும் கலர் டிரஸ்ல வாங்க" என்று சொல்வார்கள். சீருடையில் வந்தால் அது வகுப்பு. கலர் டிரஸ்ஸில் வந்தால் நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு வகுப்பு மொத்தமும் தினமும் காலையில் எப்படிப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வருகிறது என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர்கள் பந்தலூர் வரை ஏறி வந்ததுமில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று இப்போதும் பட்டிமன்றம் மாதிரிப் பேசுகிறார்கள். வேண்டாம் என்கிறவர்கள் மாமரம், ஆற்றுக் குளியல், தாத்தா வீடு என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால், கோடை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வரும்போது அம்மாவோடு போய் இலை எடுப்பது. வேண்டும் என்கிறவர்களின் பேச்சைக் கேட்டாலும் எரிச்சல்தான். அவர்களுக்கு அது சும்மா கிடக்கிற ஒரு மாதம். எனக்கு அந்த ஒரு மாதம்தான் அப்பா.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் சமையல்காரர். எஸ்டேட் கூலியில் குடும்பம் நகராது என்று, நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே மலையிறங்கிப் போனவர். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டு, எஸ்டேட்டில் அவள் பெயருக்குக் கொடுத்திருந்த, வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் என்னை வளர்த்தாள். மெஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. ஊருக்குப் போகாத பிள்ளைகள் நாலு பேர் இருந்தாலும் உலை வைத்தாக வேண்டும். மே மாதம்தான் விடுதியைப் பூட்டுவார்கள். கடைசிப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் அப்பா அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு கூடலூர் பஸ்ஸைப் பிடிப்பார். பொங்கலுக்கு ஒரு நாள் வந்து தலைகாட்டிவிட்டுப் போவதை நான் சேர்ப்பதில்லை.

சிறு வயதில் அந்த மாதம் முழுக்க வீட்டில் நானும் அவரும்தான். அம்மா விடிந்ததும் மலைக்குப் போய்விடுவாள். அப்பாவுக்குப் பத்துப் பேருக்குக் குறைந்து சமைக்க வராது. லயம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பு போகும். கோயம்புத்தூர்ப் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்ணு, சாமி என்பார். அம்மாவை, "ஏனுங்க, உங்களைத்தானுங்க" என்று கூப்பிட்டு வம்புக்கு இழுப்பார். "வந்துட்டாருய்யா கோயமுத்தூர் மொதலாளி" என்பாள் அம்மா. வருடத்தில் அந்த மாதம் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

நான் பிளஸ் ஒன் முடித்த ஏப்ரலில், பிளஸ் டூ பாடத்தை விடுமுறையிலேயே தொடங்கப்போவதாகச் சொல்லி, பெற்றோர்களை வரவழைத்து ஒப்புதல் கேட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான் அப்பா வருகிற மாதமாயிற்றே என்று முனகியதற்கு, "அப்பன் எங்கயும் ஓடிப் போகமாட்டாரு. நீ படி. இந்தக் கூடை என்னோட போவட்டும்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் இன்றுவரை தள்ள முடியவில்லை. அதுதான் எனக்கு வருத்தமே.

மே பிறந்து இரண்டொரு நாளில் நான் வகுப்பு முடிந்து வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து பலாக்காய் அரிந்துகொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"எங்க கண்ணு போயிட்டு வர்ற?"

"ஸ்பெஷல் கிளாஸுப்பா."

"லீவு உடலையா?"

"பிளஸ் டூவுக்கு லீவு கெடையாதுப்பா. மாசம் முழுக்க கிளாஸ்."

கத்தி நின்றது. "அங்க எல்லாப் புள்ளைகளும் ஊட்டுக்குப் போயிருச்சுங்க" என்றார், அம்மாவைப் பார்த்து. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி பலாக்காயை அரியத் தொடங்கினார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வாரமாவது லீவு வாங்கித் தருகிறேன் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமையாசிரியை அவரை உட்காரச் சொன்னார். அதற்கே அப்பா பாதி அடங்கிவிட்டார். ஒரு வாரம் போனால் ஒரு பாடம் போகும், உங்கள் பெண் நல்லா வருகிற பெண், இப்போது விட்டால் பிடிக்க முடியாது என்று தலைமையாசிரியை பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். லீவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை லயத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம்புள்ள நல்லா வர்ற புள்ளையாமா, பெரிய டீச்சரே சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லீவு கேட்கப் போனவர் பெருமையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விடுமுறையில் மாணவர்களின் பஸ் பாஸ் செல்லாது. ஊட்டி சீசனுக்கு பஸ்களை அனுப்பிவிட்டு எங்கள் பக்கம் டிரிப்பையும் குறைத்துவிடுவார்கள். தேயிலைக் காட்டு வழியாக நடந்துதான் போக வேண்டும். மே மாதம் பலா பழுக்கிற காலம், அந்த வாசனைக்கு யானை வரும். அதனால் அப்பாவே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதாக ஏற்பாடு. போக வர நடக்கிற அந்த நேரமாவது எங்களுக்கென்று இருக்கும் என்று நினைத்தேன். அதையும் சிலிப் டெஸ்ட் தின்றது. தினமும் முதல் மணி அடித்ததும் டெஸ்ட். அப்பா கையில் ஒரு கம்போடு முன்னால் போவார். நான் பின்னால் வேதியியலை முணுமுணுத்துக்கொண்டு போவேன். என் படிப்பு கெடக் கூடாதென்று அவர் வாயே திறக்கமாட்டார். வளைவுகளில் மட்டும் திரும்பி, "சாமி, செத்த வாய மூடிக்க, காட்டுல சத்தம் கேக்குதான்னு பாக்கோணும்" என்பார். சில நாள் அவர் அன்றைக்கு என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பெரிய வகுப்புக்குச் சத்துணவும் கிடையாது. மத்தியானம் அப்பா தூக்குப் போசியில் சுடச்சுடச் சோறு கொண்டுவருவார். கேட் பூட்டியிருக்கும், வாட்ச்மேன் வாங்கி உள்ளே அனுப்புவார். வகுப்பே கழுகு மாதிரி அதன்மேல் விழும். எனக்குக் கிடைப்பது இரண்டு வாய். போசி வழித்துத் துடைத்துத் திரும்பும். மெஸ்காரருக்குப் பாத்திரத்தில் மிஞ்சினால்தான் பிள்ளைகளுக்கு எது பிடிக்கவில்லை என்று தெரியும். "எல்லாம் காலியாகுது, எது புடிச்சுதுன்னே தெரிய மாட்டீங்குது" என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார். வகுப்பே தின்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே அண்டாவில் கொண்டுவந்திருப்பார்.

மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, மூடுபனியில் பாதையே தெரியவில்லை. பங்களா வளைவுக்கு முன்னால் அப்பா சட்டென்று என் கையைப் பிடித்து ஒரு பாலத்துச் சுவருக்குப் பின்னால் இழுத்து உட்காரவைத்தார். கொஞ்ச தூரத்தில் பலா மரத்தடியில் யானை. எங்களுக்குத் தெரிந்தது அதன் முதுகும், பழம் பிளக்கிற சத்தமும்தான். நகரவும் முடியாது, திரும்பவும் முடியாது. என் கையை அப்பா விடவில்லை. அந்த மாதத்திலேயே அப்போதுதான் அவர் மனம்விட்டுப் பேசினார், காதருகில், கிசுகிசுப்பாக.

"கடேசிப் புள்ள போனப்புறம் மெஸ்ஸு வெறிச்சுனு கெடக்கும் கண்ணு. மத்தவிய எல்லாம் சீக்கிரம் பூட்டு போடுங்கன்னு நிப்பாங்க. நான் மட்டும் ஒருக்கா எல்லா பெஞ்சையும் சுத்திப் பாத்துட்டுத்தான் வருவேன். இதே மாதிரி எம்புள்ளையும் லீவு உட்டுக் காத்துக்கிட்டிருக்கும்னு நெனச்சுக்குவேன்." பிறகு, "நீ படிச்சு என்னவா ஆகப்போற?" என்று கேட்டார்.

என் மனம் முழுக்க முதல் மணியில் இருந்தது. "லேட்டாவுதுப்பா" என்றேன். யானை தின்று முடித்து, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் போயிற்று. அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். எனக்காகத்தான் அந்த வேகம். அன்றைக்கு டெஸ்ட் எழுத விடாமல் என்னை வெளியே நிறுத்திவைத்தார்கள். அப்போது எனக்கு யானைமேல்தான் கோபம். இப்போது அது இன்னும் ஒரு பழம் சேர்த்துத் தின்றிருக்கலாம் என்று இருக்கிறது.

அடுத்த மே மாதம் பரீட்சையெல்லாம் முடிந்து வீட்டில் இருந்திருக்க வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஊட்டியில் தங்கிப் படிக்கிற நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று பெர்ன்ஹில் பக்கம் ஒரு விடுதியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசன் கூட்டத்தில் இடிபட்டு வந்து சேர்ந்தார். எங்கள் மெஸ் சாம்பாரை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பருப்பு வேகல" என்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்து போனார். அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. அந்த மே மாதம் எதற்கும் இல்லாமல் போயிற்று.

பிறகு கல்லூரி. எங்கள் கல்லூரியில் மே மாதம்தான் செமஸ்டர். பிறகு பி.எட்., பிறகு குன்னூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை. மே மாதம் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் கலர் டிரஸ்ஸில்தான் வருகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்பா போன் செய்தார்.

"கண்ணு, மே மாசம் நெறைய முகூர்த்தமாமா. மெஸ்ஸு மொதலாளி கல்யாண மண்டபத்துல சமைக்கக் கூப்புடறாரு. நீ ஊட்டுல இருப்பியா?"

"கிளாஸ் இருக்குப்பா."

"செரி செரி. அப்ப நான் மண்டபத்துக்கே போயிக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் மே மாதத்தில் வந்ததில்லை. நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தமும் இல்லை. வாரம் ஒருமுறை போனில், சாப்பிட்டாயா, மழையா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வோம். அந்தக் கோடை வகுப்பு இல்லாவிட்டால் நான் ஆசிரியையாகியிருக்க மாட்டேன், அம்மாவின் கூடை என் முதுகில் ஏறியிருக்கும். வகுப்பு வேண்டாம் என்று மேடையேறிச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அது என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போவேன்.

அம்மா ஓய்வு பெற்று லயத்து வீட்டைக் காலி செய்ததிலிருந்து என்னோடு குன்னூரில் இருக்கிறாள். இந்த வருடம் அப்பாவுக்கும் அடுப்படியில் நின்று நின்று முழங்கால் விட்டுப்போய், ஏப்ரல் கடைசியில் ஒரே பையோடு வந்து சேர்ந்தார். இனிமேல் பன்னிரண்டு மாதமும் இங்கேதான். மறுநாள் விடியற்காலையில் நான் வகுப்புக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அவர் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் பேசுவது கேட்டது.

"சின்னதுல சீனித் தோசைன்னா உசுரா இருக்கும். இப்பவும் அதத்தான் திங்குதா?"

"இப்ப சீனியே தொடறதில்ல."

"அப்ப என்னதான் புடிக்கும்?"

"நான் ஆக்கிப்போட்டதத் திங்கும். உங்களுக்கு வேணும்னா அதுகிட்டயே கேளுங்க."

அவர் கேட்பார் என்று புடவை மடிப்பைப் பிடித்தபடி நின்றேன். கேட்டால் என்ன சொல்வதென்றுகூட யோசித்தேன். அவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பாத்திரச் சத்தம் கேட்டது.

"என்னத்துக்கு இப்ப இட்லி?" என்றாள் அம்மா.

"புதுசா வர்ற புள்ளைகளுக்கு மெஸ்ஸுல மொத நாளு இட்லிதான் வெப்போம். யாரு என்னன்னு தெரியாதில்ல. இட்லின்னா யாரும் வேண்டாங்க மாட்டாங்க."

தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, கரண்டியோடு இரண்டடி தள்ளி நின்று நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி பஞ்சாக இருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.

"இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்றார், கண்ணு என்று சேர்க்காமல், என்னிடம்.

"போதும்ப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து கை கழுவப் போனேன்.