குறை என்னில்தான் என்று சொன்ன காலம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் புதுக்குடியிருப்பில் சைக்கிள் ஓட்டிய யாரையும் கேட்டுப் பாருங்கள், என் கடையைச் சொல்வார்கள். பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது என் கையில் ஒரு பம்பும் இரண்டு ஸ்பானரும்தான். பொருளாதாரத் தடையால் புது டியூப் கண்ணிலும் காணக் கிடைக்காத காலம் அது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டே ஊரை ஓட வைத்தேன். நான் ஒட்டிய டியூப் திரும்பி வந்ததில்லை.

கலியாணம் முடித்த கொஞ்ச நாளிலேயே மனைவிக்கு மலேரியா. காய்ச்சல் விட்டும் ஆள் தேறவில்லை. வாளித் தண்ணீரைத் தூக்கினால் மூச்சு வாங்கும். எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவமாது அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட உடம்பில ரத்தமே இல்லை. இப்ப வயித்தில தங்கினா உமக்குத்தான் ஆபத்து. நல்லாத் தேறினாப் பிறகு பாப்பம்" என்றார்.

பிள்ளைக்குப் பேர்கூட யோசித்து வைத்திருந்தவள் அவள். தலையை ஆட்டினாள்.

பிள்ளை தங்காமல் இருக்க, முதலில் தினமும் விழுங்குகிற குளிசை என்றார் மருத்துவமாது. ஆனால் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு தலையிடி. வருவதற்கு முன் கண்ணுக்குள் மின்னல் வெட்டும். அதைச் சொன்னதும் அவர் குளிசைப் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். அப்படித் தலையிடி வருகிறவர்களுக்கு அந்தக் குளிசை கூடாதாம். ஊசி போடலாமா என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுத்தான் சொல்ல வேண்டுமாம். உடம்பைக் குழப்புகிற மருந்தே வேண்டாம் என்றாள் இவள். கருப்பைக்குள் வைக்கிற, செம்புக் கம்பி சுற்றிய லூப்பை, பிள்ளை பெறாதவர்களுக்கு அந்த நாளில் அங்கே போடமாட்டார்கள். நாள் பார்த்து இருக்கலாமென்றால், காய்ச்சலுக்குப் பிறகு மாதக் கணக்கே குழம்பிப் போயிருந்தது.

"அப்ப ஆணுறைதான் மிச்சம். உவர் ஓமெண்டுவாரோ?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்னை ஆரெண்டு நினைச்சியள் அக்கா? ரப்பர் சாமான் எண்டா நான்தானே" என்றேன்.

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பொருளைப் பார்க்காமல் பாவிக்கிறவன் நானில்லை. அன்று மாலை அவர் தந்ததில் ஒன்றைப் பிரித்து ஊதி, டியூப் சோதிக்கிற தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நல்ல சாமான். மகிழ்ச்சியில் அடுத்ததையும் பிரித்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?" என்றாள் மனைவி.

"ஓட்டை பாக்கிறன்."

"எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டு எதைப் பாவிக்கிறது?"

அதை நான் யோசிக்கவில்லைத்தான். மருத்துவமாதுக்குக் கதை போய், அவர் சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்: "தம்பி, அவையள் சோதிச்சுத்தான் அனுப்புறவை. நீங்கள் வெயில் படாம, எண்ணெய் படாம வையுங்கோ." எண்ணெய் பட்டால் ரப்பர் போய்விடும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். இருந்தாலும் ஓமென்று தலையாட்டிவிட்டு, கடையில் வைக்காமல் வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தேன்.

மனைவியின் தாய், என் மாமி, எங்களோடுதான் இருந்தா. காய்ச்சல் விட்டால் வருத்தம் முடிந்தது என்பது அவவின் கணக்கு. பிள்ளையைத் தள்ளிப் போடுவது அவவுக்குப் பெரிய பாவம். அதனால் நாங்கள் வாய் திறக்கவில்லை. மாதங்கள் போக, அக்கம்பக்கத்துப் பெண்கள் கிணற்றடியில் மனைவியின் வயிற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது அவள் அடுப்பில் ஒன்றுமில்லாமலே ஊதிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. மலடி என்ற சொல் அன்று அவள் காதில் விழுந்திருந்தது.

மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டா. மகளுக்குச் சொல்வது போலத்தான் சொல்லுவா. நானும் அதே வழியில் மனைவியைப் பார்த்து, மாமிக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்:

"அம்மாவிட்டச் சொல்லும். பெரியாஸ்பத்திரியில காட்டினனான். குறை என்னிலதானாம்."

குசினியில் மாமியின் அகப்பை நின்றது.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடைக்கு வந்த முள்ளிவாய்க்கால் கடற்றொழிலாளி ஒருவர், என் பழைய கூட்டாளி, டியூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஊருக்கெல்லாம் காத்தடிக்கிறாய் மச்சான், உனக்கு ஆர் அடிக்கிறது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த டியூபுக்கு மட்டும் காசு கூடுதலாக வாங்கினேன்.

ஆனால் மாமி சும்மா இருக்கவில்லை. மருமகனைத் தேற்ற இறங்கிவிட்டா. மதியத்தில் கடைக்கே அனுப்பிய சாப்பாட்டில் முருங்கையிலை, நண்டு, கோழி ஈரல். விடியற்காலையில் முட்டைக் கோப்பி. விற்கிறதற்கென்று வளர்த்த கோழிகள் ஒவ்வொன்றாக என் பேரில் போய்ச் சேர்ந்தன.

சாப்பாட்டைக் கொண்டு வருகிறவள் மனைவிதான். கடைக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் இருவரும் உட்காருவோம்.

"எனக்கு ஈரல் மணம் ஒத்துவராது. நீர் சாப்பிடும்" என்பேன்.

"கலியாணத்தண்டைக்கு மூண்டு தரம் கேட்டு வாங்கினியள்" என்பாள்.

"அது அப்ப."

அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கீரையை வழித்துத் தின்பேன். சிறிது சிறிதாக அவள் முகத்தில் நிறம் வந்தது. வாளியை மூச்சு வாங்காமல் தூக்கினாள். மருத்துவமாது மறுபடி இமையை இழுத்துப் பார்த்து, இரத்தமும் சோதித்துப் பார்த்து, "இனி உங்கட பாடு" என்றார். ட்ரங்குப் பெட்டியில் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மூத்தவள் பிறந்தபோது தாயும் பிள்ளையும் சுகம். மாமி அவளை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னா: "எல்லாம் என்ர கைச் சாப்பாடு. மருமோனை மனுசனாக்கினது நான்தான்." நான் பக்கத்தில் கதிரையில் இருந்து ஓம் ஓம் என்றேன்.

இப்போது மாமி இல்லை. இதை எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ. ஈரலை நான் திண்டதை மட்டும் எழுதாதேங்கோ. பாவம் அம்மா, உங்களுக்கெண்டுதான் அந்தக் கோழியளை அறுத்தவா."