சென்னியம்மாள் அக்காவின் முன்பல்

சோமனூரில் எங்கள் தெருவில் தறியோட்டுகிறவர்களில் சென்னியம்மாள் அக்காவின் கைதான் வேகம். வாயும் கைக்குச் சளைத்ததல்ல, நான்கு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போகிறவரை. அதன்பிறகு கல்யாண வீட்டில் போட்டோக்காரரைக் கண்டாலே எழுந்து பந்திப் பக்கம் போய்விடுவார்.

இந்தத் தை மாதம் ஒருவழியாக மனது வந்து, கோயமுத்தூரில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டார். தாடை எலும்பில் இரண்டு திருகு, அதன்மேல் தற்காலிகப் பல்.

"எலும்பு திருகைக் கெட்டியாப் புடிக்க நாலு மாசமாகுமுங்க. அதுவரைக்கும் முன்பல்லால எதையும் கடிச்சுப்போடாதீங்க. அசைஞ்சா மறுபடி முதல்ல இருந்துதான்" என்று டாக்டர் கயல்விழி சொல்லி அனுப்பினார்.

அக்கா ஒருவர் பேச்சைக் கேட்டதே அதிசயம். முறுக்கு, நிலக்கடலை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். வீட்டுக்காரர் தம்பிதுரை பாவம், மூன்று வாரமாக அவருக்கும் குழைந்த சோறுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தறிக்குடோனில், நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தது. அக்கா தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை வாயால் கடித்துத் துப்பிவிட்டார். முப்பது வருடப் பழக்கம், கத்தரி பக்கத்திலேயே கிடந்தாலும் வாய்தான் முந்தும். தறி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் செய்த காரியம் உறைத்திருக்கிறது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"கண்ணு, நூலைக் கடிச்சுப்போட்டேன். பல்லு ஆடறாப்பலயே இருக்குது. எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடாதே."

"ஒருக்காத்தானுங்கக்கா?"

"நெனப்பிருக்கறது ஒருக்கா. நெனப்பில்லாம எத்தன தடவையோ, ஆருக்குத் தெரியும்?"

அதைக் கேட்டதும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை இருவரும் டாக்டரிடம் பஸ்ஸில் போகும்போது அவர் நாக்கு அந்தப் பல்லைவிட்டு நகரவே இல்லை.

"திருகக் கழட்டிப்போட்டா மறுபடியும் பொக்கவாயோட எப்படி இருப்பேன் கண்ணு?" என்று கண் கலங்கினார்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், பல்லைத் தட்டிப் பார்த்தார். "ரெண்டும் அசையவே இல்லீங்க" என்றார். அக்கா நம்பவில்லை. நூல் கடித்த கதையை அழாத குறையாகச் சொல்லி முடித்தார். பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூலில் ஒரு துண்டை நீட்டி, "எப்படிக் கடிச்சீங்க, காட்டுங்க" என்றார் டாக்டர்.

அக்கா யோசிக்காமல் அதை இடது பக்கக் கோரைப்பல்லுக்குக் கொண்டுபோனார். முன்பல்லில் படவே இல்லை. நான்கு வருடம் முன்பல் இல்லாத வாய், தானாகவே பக்கத்துப் பல்லுக்கு மாறியிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை அக்காவின் கையில் கொடுத்து அந்தக் கோரைப்பல்லைக் காட்டினார். நுனியில் நூல் அறுத்த பள்ளம், அதிலிருந்து மேலேறும் மெல்லிய விரிசல்.

"இப்படியே போனா அடுத்துப் போறது இந்தப் பல்லுதானுங்கம்மா. இன்னிக்கோட கடிக்கறதை நிறுத்துனாக் காப்பாத்திடலாம்."

அக்கா நாக்கால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"நான் கடிக்கறதே எனக்குத் தெரியறதில்லீங்களே டாக்டரம்மா, எப்படீங்க நிறுத்தறது?"