பீபி போடாத கையெழுத்து

அமெரிக்காவில் வில்லோ பெண்ட் என்ற ஊரில் அலன்சன் பீபிக்கு மூன்று வேலை. காலையில் வக்கீல், மதியம் சொந்த வங்கிக்கு முதலாளி, சாயங்காலமானால் அரசியல்வாதி. முதல் இரண்டும் சோறு போட்டன, மூன்றாவது மானத்தை வாங்கியது. அயோவா மாநில மேலவைத் தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றவர். அந்தப் பதினோரு பேரும் யாரென்று தனக்குத் தெரியும் என்று மனைவி லவீனியாவிடம் மாதம் ஒருமுறையாவது புலம்புவார்.

1874இல் அதைவிடப் பெரிய இடி வந்தது. எட்டு மைல் தள்ளியிருந்த கிராண்டனுக்கு ரயில் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வில்லோ பெண்டில் இருந்த கவுண்டி (மாவட்ட) நீதிமன்றமும் தங்களுக்கே வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். வாக்காளர்களில் பாதிக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டால் நீதிமன்றம் எந்த ஊருக்கு என்று கவுண்டி வாரியம் தேர்தல் வைத்தே ஆகவேண்டும். தேர்தல் வைத்தால் ரயில் இருக்கும் ஊர்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை.

நீதிமன்றம் போனால் வில்லோ பெண்டில் என்ன மிஞ்சும்? வழக்குக்கு வருகிறவர்களை நம்பித்தான் விடுதியும் லாடக் கொட்டகையும் பீபியின் வங்கியும் பிழைத்தன.

"பேசாம நாமளும் கிராண்டனுக்கே போயிடலாங்க" என்றாள் லவீனியா. "மர வீட்டை அப்படியே பேத்து உருளைக்கட்டைல ஏத்தி மாடு கட்டி இழுத்துட்டுப் போறாங்க. செருப்புக் கடைக்காரர்கூட கூலி விசாரிச்சுட்டாராம்."

"கட்டை உருளுறதுக்கு முன்னாடி என் தலை உருளட்டும்" என்றார் பீபி.

வாரியம் மனுவை விசாரித்த நாளன்று, வில்லோ பெண்டின் வக்கீலாக வந்த பீபிக்கு அதைப் படித்துப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஏழாவது பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மனுவை மூடிவிட்டு, ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மனுவைக் கொண்டுவந்தவர் கிராண்டன் மாவு மில் முதலாளி கர்னல் ஹாஸ்கெல். பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டவங்க எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமா, கர்னல்?" என்று கேட்டார் பீபி.

"ஒருத்தர் விடாம தெரியும்."

"ஓபெட் க்ரம்ப்?"

"தெற்கால பண்ணை வெச்சிருக்காரு. தங்கமான மனுஷன்."

"அவர் சிகாகோக்காரர். ஊர் ஊரா இடிதாங்கி விக்கிறவரு. மார்ச் மாசப் பனிப்புயல்ல உங்க ஊர் ஓட்டல்ல மாட்டிக்கிட்டேன். இடமில்லைன்னு ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல படுக்க வெச்சாங்க. அவர் குறட்டை இன்னும் என் காதுல இருக்கு. சரி, அதை விடுங்க. அவருக்கு அடுத்த பேரைப் படிங்க."

கர்னலின் விரல் கீழே இறங்கியது. ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. சத்தமா படிங்க" என்றார் வாரியத் தலைவர் நெல்ஸ் ஓஸ்டே.

"அலன்சன் பீபி" என்றார் கர்னல். "வில்லோ பெண்ட்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. வாரியம் ஆளனுப்பி, கிராண்டன் ஓட்டலில் தங்குகிறவர்கள் பெயரெழுதும் பதிவேட்டை வரவழைத்தது. அதிலிருந்த பெயர்கள் நாலு பக்கம் வரிசைகூட மாறாமல் மனுவில் ஏறியிருந்தது. ஊரையே திருட வந்தவர்கள், என்ன எழுதுகிறோம் என்று ஒரு தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டாமா? சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு உண்டு. மனு குப்பைக்குப் போனது. நீதிமன்றம் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு மாதா கோயில் மணியை மாற்றி மாற்றி அடித்ததில் கடைசியில் கயிறே அறுந்துவிட்டது. லவீனியா நடுத்தெருவில் எல்லார் முன்னாலும் புருஷனைக் கட்டிப்பிடித்தாள்.

அடுத்த மேலவைத் தேர்தலில் பீபி மறுபடி நின்றார். இருநூறு ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்கு விழுந்ததில் கிராண்டன் ஓட்டு மட்டும் நாற்பத்து மூன்று. முதல் ஓட்டு கர்னல் ஹாஸ்கெலுடையது.

"நீங்க போய் அவருக்குப் போடலாமா?" என்று மில் ஆட்கள் கேட்டார்களாம்.

"நம்ம ஊருக்கு நீதிமன்றம் வேணும்னு கையெழுத்துப் போட்ட மனுஷன்" என்றாராம் கர்னல். "அவரை நம்ம ஆளு இல்லைன்னு எப்படிச் சொல்றது?"